மன்மத வருஷத்துக் கிரகணமும் வள்ளியின் கண்களும்

பொங்கலுக்கு மறுநாள் சூரிய கிரகணம். அதற்குப் பத்து நாள் முன்பு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து இரண்டு நர்சுகள் என்னைத் தேடி வந்தார்கள். அந்த வாரம் பேறுகாலத் தேதி குறித்திருந்த மூன்று பெண்களின் வீட்டிலும், கிரகணம் விட்ட பிறகுதான் வாசல் தாண்டுவோம் என்று சொல்லிவிட்டார்களாம். “ஒங்க காலத்துல இத எப்படிம்மா சமாளிச்சீங்க?” என்று இளையவள் கேட்டாள்.

அவர்கள் கையிலிருந்த பேப்பரில் தேதியைப் பார்த்தேன். 2010 ஜனவரி 15. விரல் விட்டு எண்ணினேன். 1955 டிசம்பர் 14 முதல் ஐம்பத்து நான்கு வருஷமும் ஒரு மாதமும். “அதே கிரகணம்தான் திரும்பி வருது” என்றேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. காபி கொடுத்து உட்காரவைத்து அன்று சொன்னதை, அவர்கள் கேட்டுக்கொண்டதற்காக இப்போது எழுதுகிறேன். சமாளித்த கதை என்று இதைச் சொல்ல முடியாது. பயந்துகொண்டே செய்த வேலையின் கதை.

என் பெயர் ஞானம்மாள். கீரமங்கலம் பக்கம் பிறந்தவள். தஞ்சாவூரில் ஒன்றரை வருஷம் பயிற்சி. கை கழுவவும், பயத்தை முகத்தில் காட்டாமலிருக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டாவது எனக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை. மணமேல்குடிப் பிரசவ விடுதியில் மிட்வைஃபாகச் சேர்ந்தபோது வயது இருபத்து நான்கு. இப்போது புதுக்கோட்டை மாவட்டம். அன்றைக்கு அந்தக் கடற்கரை முழுக்கத் தஞ்சாவூர் ஜில்லா. ஓடு போட்ட இரண்டு அறை, நான்கு கட்டில், ஒரு ஆயா, நான். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி எங்களிடம் கிடையாது. அதற்கு அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

அங்கே எனக்கு மேலதிகாரி டாக்டர் சகுந்தலா. மாதம் ஒருமுறை வந்து என் நோட்டைப் புரட்டுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “எத்தனை மணிக்கு?” காலையில் வலி எடுத்தது என்று நான் சொன்னால், பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பார். எட்டேகால் மணி என்று என் வாயிலிருந்து வரும்வரை பேனா திறக்காது. “காலைங்கிறது ஆறு மணி நேரம், ஞானம். அதுக்குள்ள ரெண்டு உயிர் போயிடும்” என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு கழுத்தில் கயிறு கட்டி ஒரு கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டேன்.

சிறுநீர் சோதிக்க அவர்தான் எனக்குச் சரியாகக் கற்றுக்கொடுத்தார். கண்ணாடிக் குழாயில் முக்கால் பங்கு நிரப்பி, அடியைப் பிடித்துக்கொண்டு, மேல்பாகத்தை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். மேலே கொதிக்கும்; கீழே அப்படியே இருக்கும்; இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேலே மேகம்போலக் கட்டினால் அசிட்டிக் அமிலம் மூன்று சொட்டு. மேகம் கலைந்தால் கவலையில்லை. கலையாமல் நின்றால் ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் இறங்குகிறது என்று அர்த்தம்.

“கால்ல வீக்கம், குழாய்ல மேகம், ரெண்டும் இருந்தா என்கிட்ட அனுப்பு. அதோட தலைவலியோ, கண்ணுல மின்னலோ, மேல்வயித்துல வலியோ சேர்ந்துட்டா அனுப்பாதே, நீயே கூட்டிட்டு வா. அடுத்தது வலிப்புதான்.”

1955, மன்மத வருஷம், கார்த்திகையில் முதலில் புயல் அடித்தது. தென்னைகள் விழுந்தன, கூரைகள் பறந்தன, தந்திக் கம்பங்கள் சாய்ந்தன. அறந்தாங்கி ரோட்டில் பாலம் ஒன்று உடைந்து பஸ் நின்றுவிட்டது. நிவாரண அரிசி கொண்டுவரும் லாரிகள் மட்டும் வயலுக்குள் இறங்கி ஏறி வந்துகொண்டிருந்தன. பதினைந்து நாள்கூட ஆகவில்லை, அமாவாசையன்று சூரிய கிரகணம் என்று பேச்சு வந்தது. புயலுக்கே நடுங்கிப்போயிருந்த சனங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

திங்கட்கிழமை வள்ளி வந்தாள். இருபது வயது, தலைப்பிள்ளை, எட்டு மாதம் முடிந்திருந்தது. புருஷனுக்குக் கொழும்பில் கடை வேலை. பேறுகாலத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். கூட அவள் அம்மா பொன்னம்மாள். வள்ளியின் கணுக்காலை அழுத்தினேன். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. குழாயில் மெல்லிய மேகம். அமிலம் விட்டும் கலையவில்லை.

“நாளைக்கே அறந்தாங்கிக்குப் போகணும்” என்றேன்.

“அமாவாசை கழியட்டும் நர்சம்மா. அவ அப்பா விடமாட்டாக” என்றார் பொன்னம்மாள்.

சரி, உப்பைக் குறையுங்கள், படுத்தே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கே நான் பிடிவாதம் பிடித்திருக்க வேண்டும். இரண்டு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். அந்த நினைப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பொன்னம்மாளே ஓட்டமும் நடையுமாக வந்தார். வள்ளிக்கு விடிந்ததிலிருந்து மண்டை பிளக்கிறதாம். பையை எடுத்துக்கொண்டு ஒரு மைல் நடந்தேன். தெருவில் ஈ காக்கை இல்லை. கிரகணம் பிடிக்க இன்னும் நேரமிருந்தும் வீடுகள் எல்லாம் சாத்திக் கிடந்தன.

வள்ளியை உள்ளறையில் போட்டிருந்தார்கள். ஜன்னலுக்குச் சாக்கு, அதன்மேல் பாய். அசையக் கூடாது, சொறியக் கூடாது என்று சொல்லிவைத்திருந்ததால் கட்டைபோலக் கிடந்தாள். முகம் ஊதியிருந்தது. குனிந்து நெற்றியைத் தொட்டேன்.

“நர்சம்மா, கண்ணுக்குள்ள வளையம் வளையமாத் தெரியுது. மூடினாலும் போகமாட்டேங்குது.”

வாசற்படியில் நின்றிருந்த அவள் அப்பா கருப்பையா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். அறுபதைத் தாண்டியவர், நல்ல உயரம், நிலபுலன் உள்ள மனிதர். கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நாற்பது.

முற்றத்தில் விளக்கை ஏற்றிக் குழாயைக் காட்டினேன். கொதி வந்ததும் மேல்பாதி முழுக்கத் தயிர்போல உறைந்துவிட்டது. அமிலம் விட வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் விட்டேன். அப்படியே நின்றது.

“அய்யா, இப்பவே கெளம்பணும்.”

“இன்னிக்கு வாசல் தாண்டக்கூடாது நர்சம்மா. இது சும்மா வந்த கிரகணம் இல்ல. எங்க குடும்பத்தத் தேடி வந்தது.”

பிறகு அவர் சொன்னார். பிலவ வருஷம், அதாவது 1901, தீபாவளிக்கு மறுநாள். அவருக்குப் பத்து வயது. தொண்டிக்குத் தெற்கே அவர் அம்மா, தாய்வீட்டில் பேறுகாலத்துக்குக் காத்திருந்தார். நடுப்பகலில் சூரியன் நடுவே கறுப்பாகி, சுற்றிலும் நெருப்பு வளையம் மட்டும் நின்றதைத் தண்ணீரில் பார்த்ததாகச் சொன்னார். உள்ளே இருட்டறையில் இருந்த அம்மாவும், கண்ணுக்குள் வளையம் தெரிகிறது என்று கத்தினாராம். பொழுது சாய்வதற்குள் கையும் காலும் இழுத்து, பிள்ளையோடு போய்விட்டார்.

“ஒரு பஞ்சாங்கக்காரரு எனக்குக் கணக்குச் சொன்னாரு. பதினெட்டு வருஷம் பதினோரு நாளைக்கு ஒருக்கா அதே கிரகணம் வருமாம். மொத ரெண்டு தடவ வேற தேசத்துல விழுமாம். மூணாந் தடவ நம்ம பக்கமே திரும்பிருமாம். எண்ணிப் பாத்துட்டேன். அது இன்னிக்குத்தான். எம்மகளும் அதையேதான் சொல்றா, கேட்டீங்கள்ல?”

அவர் கணக்கு தப்பு என்று சொல்ல எனக்கு அறிவு போதாது. சரி என்று சொன்னால் வள்ளி அந்த அறையிலேயே போய்விடுவாள். ஒன்றும் தோன்றாமல், டாக்டர் என்னைக் கேட்பதுபோல நான் அவரைக் கேட்டேன்.

“ஒங்க ஆத்தாவுக்குக் கால் வீங்கியிருந்துச்சா?”

யோசித்தார். “மெட்டியக் கழட்ட முடியாம அறுத்துத்தான் எடுத்தாக.”

“தலைவலி?”

“தலையில துணியக் கட்டிக்கிட்டே கெடந்துச்சு.”

“எப்பயிருந்து? கிரகணத்தன்னிக்கா?”

விரலை மடக்கி எண்ணினார். “இல்ல. தீவாளிக்கு நாலு நாளு முந்தியே.”

கழுத்துக் கடிகாரத்தைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். “இங்க பாருங்க. இன்னும் கிரகணம் பிடிக்கல. வள்ளிக்கு வளையம் அதுக்கு முன்னாடியே வந்திருச்சு. இது சூரியன்ல இருந்து வரலை, ரத்தத்துல இருந்து வருது. ஒங்க ஆத்தாவுக்கும் இதேதான். அன்னிக்குப் பாக்க ஆளில்ல. இன்னிக்கு அறந்தாங்கில ஆளிருக்கு.”

குழாயை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். உறைந்தது விழவில்லை. அதற்குள் பொன்னம்மாள் எங்கள் இருவரையும் கேட்காமல் உள்ளே போய் ஜன்னல் சாக்கைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டார். அறைக்குள் வெளிச்சம் விழுந்தது.

கருப்பையா கடைசியாக ஒன்று கேட்டார். “வெயில் படாமக் கொண்டுபோகலாமா?”

“படவே கூடாது. வெளிச்சமும் சத்தமும் அவளுக்கு ஆகாது.” உண்மையாகவே அதுதான் டாக்டரின் விதி. வலிப்பு வரப்போகிறவளை இருட்டிலும் அமைதியிலும் வைக்க வேண்டும். ஆளுக்கொரு காரணத்துக்காக இருவரும் ஒரே முடிவுக்கு வந்தோம்.

அரிசி இறக்கிவிட்டு ஒரு லாரி சந்தைத் திடலில் நின்றது. டிரைவர் காதர் பள்ளிவாசலில் கிரகணத் தொழுகைக்குப் போயிருந்தார். வாசலில் நின்றேன். உள்ளே வரிசையாக முதுகுகள். கூப்பிடக் கூடாது, கூப்பிடாமலும் இருக்க முடியவில்லை. கடிகாரத்தின் முள் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னதும், “தார்ப்பாய் புயல்ல கிழிஞ்சு ஓட்டையாக் கெடக்கும்மா, பரவால்லயா?” என்று மட்டும் கேட்டார்.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினோம். வைக்கோல் பரப்பி, மேலே வெள்ளை விரிப்புப் போட்டு வள்ளியைக் கிடத்தியிருந்தோம். டாக்டர் கொடுத்து வைத்திருந்த தூக்க ஊசியைப் போட்டேன். வலிப்பு வந்தால் பல்லிடுக்கில் வைக்கத் துணி சுற்றிய கரண்டி ஒன்று என் மடியில். பொன்னம்மாள் தலைமாட்டில், கருப்பையா கால்மாட்டில். இருபது மைலுக்கு மேல் போக வேண்டும். ஒவ்வொரு குழியிலும் வண்டி விழுந்து எழும்போது அவள் முகத்தைப் பார்ப்பேன். உதடு துடித்தால் கரண்டியைக் கையில் எடுப்பேன்.

ஒரு மணிக்கு மேல் வெயில் மெலிந்தது. சாயங்கால வெளிச்சமாகவும் இல்லை, மேகமூட்டமாகவும் இல்லை. பறவைகள் சத்தம் நின்றது. அப்போது வெள்ளை விரிப்பில் என்னமோ தெரிந்தது. தார்ப்பாயின் ஓட்டை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சின்ன வெளிச்சம், வள்ளியின் வயிற்றிலும் கையிலும் விரிப்பிலுமாக நூறு, இருநூறு. லாரி ஆடும்போது எல்லாம் சேர்ந்து ஆடின.

கருப்பையா ஐயோ என்று இரண்டு கைகளையும் நீட்டி மகளை மறைக்கப் பார்த்தார். வெளிச்சங்கள் அவர் புறங்கையில் விழுந்தன. கையை முகத்தருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

“நர்சம்மா, இது வளையம் இல்லீங்க.”

நானும் பார்த்தேன். எல்லாம் அரிவாள்போல வளைந்திருந்தன. ஒரு பக்கம் திறந்த அரிவாள்கள்.

“வளையம் விழல. அன்னிக்கு வளையம். இன்னிக்கு அரிவா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, அறந்தாங்கி வரும்வரை விடவில்லை.

ஆஸ்பத்திரி வெறிச்சோடிக் கிடந்தது. இரண்டு மணி இருபது நிமிஷம். டாக்டர் வராந்தாவுக்கு வந்தார். தலைவலி, கண்ணில் வளையம் என்று சொன்னேன். “கண்ணுல எத்தனை மணிக்குத் தெரிஞ்சதுன்னா?”

“பத்து நாற்பது, டாக்டர்.”

தலையசைத்தார். ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது வள்ளியின் முகம் ஒரு பக்கமாக இழுத்தது, கை முறுக்கியது, உடம்பு வில்லாக வளைந்தது. கரண்டியை நான் வைப்பதற்குள் நாக்கைக் கடித்துவிட்டாள். ஒரு நிமிஷம்கூட இருக்காது. அவ்வளவு நீளமான நிமிஷத்தை நான் பார்த்ததில்லை. அழுத்தக் கருவியில் பாதரசம் நின்ற இடத்தை டாக்டர் பார்த்தார், என்னிடம் சொல்லவில்லை. ஊசி போட்டு, கதவைச் சாத்தி, செருப்பைக் கழற்றச் சொன்னார். இரவில் அந்த அறையிலேயே பிரசவ வலியும் எடுத்தது.

காலை ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார். பெண். ஐந்து பவுண்டுகூட இல்லை. அழுதது.

வள்ளிக்கு அன்று பதினோரு மணி வாக்கில் நினைவு வந்தது. வெயில் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. கண்ணை நன்றாகத் திறந்து, “ஏன் இருட்டுல இருக்கீங்க, வெளக்கப் போடுங்க” என்றாள்.

பொன்னம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். கருப்பையா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டாக்டரிடம் ஓடினேன். “வலிப்புக்கு அப்புறம் சில பேருக்கு இப்படி ஆகும். பெரும்பாலும் பார்வை திரும்பிடும்” என்றார்.

“பெரும்பாலும்னா, டாக்டர்?”

“பெரும்பாலும்னா பெரும்பாலும்தான், ஞானம்.”

மூன்று நாள் அப்படியே கிடந்தாள். கிரகணத்தில் வெளியே இழுத்துப் போய்ப் பெண்ணின் கண்ணைக் கெடுத்தவள் என்று என் பெயர் கடற்கரை முழுக்கப் பரவும். இனி ஒரு பிள்ளைத்தாச்சியும் விடுதிப் படி ஏறமாட்டாள். இந்தக் கவலை எனக்கு வள்ளியின் கண்ணைப் பற்றிய கவலைக்குச் சமமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். மணிக்கொரு தரம் அவள் முகத்துக்கு முன் விரலை ஆட்டுவேன். இமை அசையாது.

இரண்டாம் நாள் டாக்டர் என்னை உட்காரச் சொல்லிக் காகிதத்தில் படம் போட்டார். கருப்பையாவின் கணக்கை நான் சொன்னதும் வந்த ஆர்வம் அது. சந்திரன் தூரத்தில் இருக்கும்போது சிறியதாகத் தெரியும். சூரியனை முழுக்க மூடாது. நேர்க்கோட்டில் இருக்கும் ஊருக்கு வளையம் தெரியும், தள்ளி இருக்கும் ஊருக்கு அரிவாள். சின்ன ஓட்டை வழியாக விழும் வெளிச்சமும் சூரியனின் அந்த வடிவத்தையே காட்டும். இந்த முறை வளையம் சிலோன் பக்கம் போய்விட்டது. “அந்தப் பெரியவர் சொன்னது சரி. ஆனா பதினெட்டு வருஷம், பதினோரு நாளோட இன்னும் எட்டு மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள பூமி மூணுல ஒரு பங்கு திரும்பிடும். அதனாலதான் வேற தேசம். மூணு தடவை சேர்ந்தா ஒரு முழு நாள், திரும்ப இங்க. அப்பவும் அச்சு அசல் அதே இடம் இல்லை, கொஞ்சம் விலகித்தான் விழும்.” பேனாவை மூடினார். “மணியை விட்டுட்டா எந்தக் கணக்கும் பாதிதான்.” எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. வள்ளியின் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு, “ஜன்னல்கிட்ட வெள்ளையா என்னமோ ஆடுது” என்றாள். திரைச்சீலை. மத்தியானம் என் விரல்களில் மூன்றை எண்ணினாள். மாலை நான்கு மணிக்குக் குழந்தையைக் கேட்டு வாங்கி, முகத்தோடு முகம் வைத்துப் பார்த்துவிட்டு, “மூக்கு அவுக மூக்குதான்” என்றாள். நான் பின்பக்கம் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன்.

கருப்பையா எனக்கு நன்றி சொல்லவில்லை. ஊருக்குப் போய் எல்லோரிடமும் சொன்னது இது: தார்ப்பாய் மூடிக் கொண்டுபோனதால் கிரகணம் மகள்மேல் படவில்லை. எனக்குக் கோபம். அடுத்த மாதம் டாக்டர் வந்தபோது பொரிந்து தள்ளினேன். நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “எதைச் சொல்லி வந்தாலும் வரட்டும். வந்தவளைச் சோதிச்சுப் பார்த்தியா, அதைச் சொல்லு” என்றார்.

அதன் அர்த்தம் எனக்கு இரண்டு வருஷம் கழித்து, 1958 சித்திரையில்தான் விளங்கியது. மறுபடி சூரிய கிரகணம், உதயத்தோடு பிடிக்கும் என்றார்கள். முந்தின நாள் மதியம் ஐந்து பிள்ளைத்தாச்சிகள் பாயும் தலையணையுமாக விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே ஜன்னலுக்கு நல்ல மரக்கதவு இருக்கிறது, நர்சம்மா வெயில் படாமல் பார்த்துக்கொள்வார் என்று கருப்பையா சொல்லி அனுப்பியிருந்தார். நான் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. ஆயாவோடு சேர்ந்து கதவுகளைச் சாத்தினேன்.

விடிந்ததும் அறைக்குள் விளக்கை ஏற்றி ஐந்து பேருக்கும் சோதித்தேன். நான்கு குழாய்கள் தெளிவாக இருந்தன. ஐந்தாவதில் மேகம் கட்டியது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். தலை வலிக்கிறதா என்று கேட்டேன். ராத்திரியிலிருந்து லேசாக வலிப்பதாகச் சொன்னாள். மூன்று சொட்டு விட்டேன். வெளியே வெயில் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. இவளை எப்படி வெளியே கூப்பிடுவது, எங்கிருந்து பேச்சைத் தொடங்குவது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

அவள் மாமியார் எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகக் குழாயை எட்டிப் பார்த்தார்.

“கலையலையா?”

“இல்ல.”

“பெறகு ஏன் நிக்கிறீங்க நர்சம்மா, பஸ்ஸு போயிரும்” என்றபடி பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்.